புதன்கிழமை வைத்த கல்யாணச் சோறு

ஆர்ஜிரோவுக்குத் தன் கைப்பக்குவத்தில் ஒருநாளும் சந்தேகம் வந்தது கிடையாது. கல்யாணமோ காரியமோ, ப்ரினாரி ஊரில் பெரிய அண்டா அடுப்பில் ஏறிவிட்டால் கரண்டி அவள் கையில்தான் இருக்கும். அதனால், கிரீட் தீவு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய ஏதன்ஸிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அமெரிக்க டாக்டர் ஒருவரும் கூட வருகிறார், சீட்டுக் குலுக்கியதில் ஊரில் எட்டு வீடுகள் விழுந்திருக்கின்றன என்று பாதிரியார் பூசை முடிந்ததும் படித்தபோது, தன் வீட்டுப் பெயர் அதில் இருந்தது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை.

"குலுக்கினாலும் குலுக்காட்டாலும் என் வீட்டுக்கு வந்துதானே ஆகணும்" என்றாள் பக்கத்தில் நின்றவர்களிடம்.

பாதிரியாரின் மனைவி எவாந்தியாவின் வீடும் அந்த எட்டில் ஒன்று. அவள்தான் முதலில் பற்றவைத்தாள். "நாம திங்கிறதை எல்லாம் எழுதிக்கிட்டுப் போய் அமெரிக்காவுல அச்சுப் போடுவாங்களாம். ப்ரினாரிக்காரங்க புல்லு திங்கிறாங்கன்னு போட்டா நல்லாவா இருக்கும்?"

புல்லு என்ற அந்தச் சொல் ஆர்ஜிரோவின் நெஞ்சில் போய்த் தைத்தது. ஜெர்மன்காரன் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், ஓடைக்கரையில் குனிந்து காட்டுக்கீரை பிடுங்கிக்கொண்டிருந்த அவளைப் பார்த்து ஒரு சிப்பாய், ஆட்டைக் காட்டி, அவளைக் காட்டி, பிறகு தன் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்திருந்தான். அவன் பேசிய மொழி புரியவில்லை. சிரிப்பு புரிந்தது. போர் முடிந்து பதினைந்து வருஷம் ஆகியும் அவள் வீட்டுப் பானையில் வாரத்தில் ஐந்து நாள் அதே கீரைதான், பயறுதான், அவரைதான். யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அதைத் தராசில் வைத்து எடைபோட்டு உலகத்துக்குக் காட்டுவதென்றால் கதை வேறு.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் இஸ்மினி வந்தாள். ஏதன்ஸ்காரி. முப்பது வயது ஆகியிருக்காது. முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். ஒரு கையில் தராசுப் பெட்டி, மறு கையில் கண்ணாடி ஜாடிகள் அடுக்கிய கூடை. சமையலறை மேசையின் ஓரத்தில் தனக்கென்று ஒரு முழ இடம் ஒதுக்கிக்கொண்டு, மரியாதையாகப் பேசினாள்.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தினமும் வருவேன்மா. நான் இங்க இல்லைன்னே நினைச்சுக்கோங்க. எப்பவும் சமைக்கிறதையே சமையுங்க. அடுப்புல போடறதுக்கு முன்னாடி நான் எடை பாத்துக்குவேன். உங்க வீட்டுக்காரர் தட்டுல என்ன வைக்கிறீங்களோ, அதே அளவு இந்த ஜாடியிலயும் ஒரு பங்கு வைக்கணும். அது ஆய்வுக்கூடத்துக்குப் போகும்."

"எப்பவும் சமைக்கிறதுதான்" என்றாள் ஆர்ஜிரோ, கண்ணை இமைக்காமல். முற்றத்தில் அவளுடைய கொழுத்த கோழி ஒன்று அதற்குள் தலையை இழந்திருந்தது.

மலைமேல் ஆடு மேய்க்கும் சொந்தக்காரன் ஒருவனிடமிருந்து முந்தின நாளே ஒரு குவளை ஸ்தாக்கா வாங்கி வைத்திருந்தாள். ஆட்டுப்பாலின் ஏட்டைக் காய்ச்சி எடுக்கிற அந்தக் கொழுப்பு, ஊரில் கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும்தான் வெளியே வரும். எண்ணெய்ச் சாடியைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். எல்லாவற்றிலும் ஆலிவ் எண்ணெயைக் கவிழ்ப்பது பட்டிக்காட்டுப் பழக்கம் என்று ஏதன்ஸ்காரி எண்ணிவிடுவாளோ என்ற பயம்.

மதியம் அவள் கணவன் மனூசோஸ் தோட்டத்திலிருந்து வந்தான். ஐம்பத்தாறு வயது. உலர்ந்த விறகுபோல ஒடிசலான உடம்பு. மேசைமேல் ஸ்தாக்காவில் பொரிந்து மின்னிய கோழியைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"யாருக்குக் கல்யாணம்?"

"உக்காரு மனூசோஸ், ஆறிடப் போகுது" என்று சொல்லி, மேசைக்கு அடியில் அவன் காலை நன்றாக ஒரு மிதி மிதித்தாள் ஆர்ஜிரோ. அவன் உட்கார்ந்தான். சாப்பிட்டான். இஸ்மினி எடை பார்த்து எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முயல். அதற்கும் ஸ்தாக்கா. மனூசோஸ் இடுப்புவாரைத் தளர்த்திக்கொண்டு, இஸ்மினி கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மெல்ல முனகினான்.

"ரெண்டு நாளா கீரை கண்ணுல படலையே. வயித்துல கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. திராட்சைத் தோட்டத்துல குனியவே முடியல."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. ஊர் மானம்."

"ஊர் மானத்தை என் வயித்துலதான் கொண்டு வந்து வைக்கணுமா?"

"வேற யார் வயித்துல வைக்கிறது? உன் தட்டைத்தானே எடை போடுறாங்க."

புதன்கிழமை அவள் இன்னும் ஒரு படி ஏறினாள். இரண்டு வீடு தள்ளி எவாந்தியா ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கிறாள் என்று காதில் விழுந்திருந்தது. சரி, அப்படியானால் கல்யாணச் சோறுதான் என்று தீர்மானித்தாள். வெள்ளாட்டுக்கறியையும் கோழியையும் விடியலிலிருந்து வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே அரிசியைப் போட்டு, இறக்கும்போது உருகிய ஸ்தாக்காவைச் சட்டியோடு ஊற்றி எலுமிச்சை பிழிந்தாள். சபை நிறைவாக இருக்கட்டும் என்று தம்பி சிஃபிஸையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள்.

சிஃபிஸ் அவளுடைய பெருமை. இருபது வயதில் கப்பலேறிப் போனவன், பிட்ஸ்பர்க்கில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்தவன், இந்தக் கோடையில்தான் திரும்பி வந்திருந்தான். காற்று மாற்றத்துக்காக வந்தேன் என்றான். அமெரிக்கத் தொப்பி, ஒரு தங்கப்பல், வெளுத்து உப்பிய கன்னங்கள். ஊரில் உள்ள பெண்கள் தங்கள் கணவன்மாரின் ஒட்டிய கன்னத்தையும் சிஃபிஸின் கன்னத்தையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நாற்பத்தேழு வயதில் எப்படி இருக்கிறான் பார், பணக்காரச் சாப்பாடு என்றால் அதுதான் என்று ஆர்ஜிரோவே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மனூசோஸ் கரண்டியை வாய்வரை கொண்டுபோனவன் அங்கேயே நிறுத்தினான்.

"ஆர்ஜிரோ, இன்னைக்குப் புதன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் புதனும் வெள்ளியும் கறி அடுப்பில் ஏறியதில்லை. போட்டி வெறியில் விரத நாளே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு மூச்சு நேரம்தான் அவள் தடுமாறினாள்.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்கு. வந்தவங்க முன்னால விரதம் பேசுறது அழகில்ல. பாவம் இருந்தா அது என்னோடது. சாப்பிடு."

இஸ்மினியின் பென்சில் காகிதத்தின்மேல் நின்றது. "புதன்கிழமையும் எப்பவும் இப்படித்தானா அம்மா?"

"எப்பவும்" என்றாள் ஆர்ஜிரோ.

மனூசோஸ் உத்தரத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிஃபிஸ் தட்டில் சோற்றை இப்படியும் அப்படியும் ஒதுக்கிக்கொண்டிருந்தான். அக்கா அதைக் கவனித்து இன்னொரு கரண்டி வைத்தாள். அவன் கையை மறித்தான்.

"போதும்க்கா."

"என்ன போதும்? அமெரிக்காவுல தினமும் இதைத்தானே சாப்பிட்ட."

"ஆமா" என்றான் சிஃபிஸ். "தினமும் இதைத்தான் சாப்பிட்டேன்."

அந்தக் குரல் அவளுக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் அவள் மூன்றாவது கரண்டியையும் வைத்தாள். அவனும் அக்கா மனம் நோகக் கூடாதென்று தின்று முடித்தான்.

சிஃபிஸின் புது வீடு மேட்டுத்தெருவின் கடைசியில் இருந்தது. அவன் கிளம்பிச் சற்று நேரத்துக்கெல்லாம் ராத்திரிக்கும் இருக்கட்டுமே என்று ஆர்ஜிரோ ஒரு சட்டிச் சோற்றை மூடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பாதித் தெருவில், கல்சுவரின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். முகம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. நெற்றி முழுக்க வியர்வை. வலது கை மார்பை அழுத்திப் பிடித்திருக்க, இடது கையால் ஒரு சின்னப் புட்டியைத் திறக்கப் பார்த்து முடியாமல் தவித்தான்.

"திற" என்றான். "ஒண்ணு குடு."

அவள் சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் புட்டியைத் திறந்தாள். கடுகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. அவன் அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. உதட்டில் நிறம் வந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான்.

"என்னன்னு சொல்லு முதல்ல."

"போன வருஷம் கடையிலேயே விழுந்துட்டேன்க்கா. கல்லாவுக்குப் பின்னால. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. இருதயத்துக்குப் போற குழாய்ல கொழுப்புப் படிஞ்சு அடைச்சுக்கிட்டு வருதுன்னான் டாக்டர். நம்ம தீவுக்காரங்க நாலு பேர் என்கூடத்தான் அங்க தொழில் ஆரம்பிச்சாங்க. இப்ப ஒருத்தன்கூட உயிரோட இல்ல. ஒருத்தனும் மச்சான் வயசைத் தொடல."

"அவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டுமா?"

"நல்ல சாப்பாடு." அவன் சிரிக்க முயன்றான். "காலையில பன்னிக்கொழுப்புல பொரிச்ச முட்டை. மத்தியானம் மாட்டுக்கறி. ராத்திரி மாட்டுக்கறி. ரொட்டி தெரியாத அளவுக்கு வெண்ணெய். வாரத்துல ஏழு நாளும் ஞாயித்துக்கிழமை. ஊர்ல இருந்தப்ப கனவு கண்டது அதைத்தானே. சிகரெட்டும் சேர்ந்துக்கிச்சு. நடக்கிறதே கிடையாது, தெருமுனைக்குப் போகவும் கார்."

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

"நான் காத்து மாத்தவா வந்தேன்னு நினைக்கிற? உன் பயறும் கீரையும் திங்க வந்தேன். இத்தனை நாளும் மத்தியானம் உன் வீட்டுப் பக்கம் வந்தா ஒரு தட்டு கிடைச்சுது. மூணு நாளா பாத்தா கோழி, முயல், கல்யாணச் சோறு. கூப்பிட்டா வராம இருக்க முடியுதா? வந்தா உன் கரண்டிகிட்டேயிருந்து தப்ப முடியுதா?"

அந்த நேரம் பார்த்து மனூசோஸ் கீழிருந்து வந்தான். திராட்சைக் கொடிக் கட்டு ஒன்றை, தன் உயரத்துக்கு இருந்ததை, முதுகில் ஏற்றிக்கொண்டு, கல்யாணச் சோற்றைச் சபித்தபடி, ஆனால் நிற்காமல், மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். "என்ன ரெண்டு பேரும் சுவத்துமேல உக்காந்து கதை பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர்களைத் தாண்டிப் போய்த் திருப்பத்தில் மறைந்தான். அவன் சிஃபிஸை விட ஒன்பது வயது மூத்தவன். தம்பியும் அக்காவும் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பியை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு ஆர்ஜிரோ திரும்பி வந்தபோது, இஸ்மினி அன்றைய ஜாடிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதைக் கொட்டு" என்றாள் ஆர்ஜிரோ.

"என்னம்மா?"

"மூணு நாள் ஜாடியையும் கொட்டு. அத்தனையும் பொய். நாங்க இப்படிச் சாப்பிடறது கிடையாது. ஈஸ்டருக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை. மத்த நாள் பயறு, கீரை, அவரை, நத்தை. எப்பவாவது மீன்காரன் மேல ஏறி வந்தா மீன்."

இஸ்மினி பென்சிலைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"தினமும் ஸ்தாக்கா புழங்குற வீட்டுல அதுக்குன்னு ஒரு பாத்திரம் இருக்காதா? நீங்க தண்ணி குடிக்கிற குவளையில வச்சிருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் திங்கட்கிழமையே யாருக்குக் கல்யாணம்னு கேட்டுட்டார். நான் ஏதன்ஸ்காரிதான், செவிடு இல்லையே. இன்னைக்குப் புதன்கிழமை வேற."

"தெரிஞ்சும் ஏன் எழுதிக்கிட்டே இருந்த?"

"எழுதறதுதானே என் வேலை. ஓரத்துல ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கேன்." அவள் முகம் சிவந்தது. "உங்க கோழியைத் தின்னுக்கிட்டே நீங்க பொய் சொல்றீங்கன்னு எப்படிச் சொல்றது?"

ஆர்ஜிரோவுக்கு அந்தப் பெண்ணை முதல்முறையாகப் பிடித்துப்போனது. எதிரே உட்கார்ந்தாள். "உண்மையில என்ன தேடி வந்தீங்க? சுத்தி வளைக்காம சொல்லு."

"அமெரிக்காவுல உங்க வீட்டுக்காரர் வயசு ஆம்பளைங்க நாற்காலியில உக்காந்தபடியே மார்பைப் பிடிச்சுக்கிட்டுச் செத்துப்போறாங்க. பணக்காரங்க, நல்லாச் சாப்பிடறவங்க. இங்க எழுபது வயசுக்காரர் மலை ஏறி ஆடு மேய்க்கிறார். ஏன் இப்படின்னு டாக்டர் கேக்கிறார். கொழுப்புலதான் விஷயம் இருக்குன்னு அவர் நினைப்பு. எந்தக் கொழுப்பு, எவ்வளவுன்னு கண்டுபிடிக்கணும்னா நீங்க நிஜமா சாப்பிடற தட்டு வேணும். வேற எதை வச்சும் பிரயோஜனம் இல்ல."

"அப்போ நான் திரைக்குப் பின்னால ஒளிச்சு வச்சதைத் தேடித்தான் வந்திருக்கீங்க."

"ஆமாம்மா."

ஆர்ஜிரோ அன்றைய ஜாடியைத் தள்ளிவைத்தாள். "குழாய் ஏற்கெனவே அடைச்சுப் போச்சுன்னா? கீரையும் பயறும் தின்னா சரியாகுமா?"

கேட்டது யாருக்காக என்று இஸ்மினி விசாரிக்கவில்லை. மதியம் சிஃபிஸின் முகத்தை அவளும் பார்த்திருந்தாள். "பொய் சொல்ல மாட்டேன். மேற்கொண்டு அடைக்காம இருக்கலாம். படிஞ்சதைக் கரைக்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

"சரி. தெரிஞ்ச வரைக்கும் செய்வோம்" என்று எழுந்தாள் ஆர்ஜிரோ. "நாளைக்கு டாக்டர் வர்றாரில்ல. நானே சொல்லிக்கிறேன். உன்மேல ஒரு சொல் விழாது."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எட்டு வீட்டு ஆண்களும் ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றார்கள். பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் மேசையில் எட்டு வீட்டு ஜாடிகளும் வீட்டுக்கு மூன்றாக அடுக்கியிருந்தன. அமெரிக்க டாக்டர் ஆஜானுபாகுவானவர். கண்ணாடி போட்டவர். தொந்தி மேசை விளிம்பில் இடித்தது. அவர் ஒவ்வொரு ஜாடியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப் பார்க்க அவருடைய புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது. இஸ்மினியிடம் ஏதோ கேட்டார்.

"அமெரிக்க ஜாடியை யாராவது இங்க மாத்தி வச்சுட்டாங்களான்னு கேக்கிறார்" என்றாள் இஸ்மினி, தலையைக் குனிந்துகொண்டு.

ஆர்ஜிரோ எழுந்தாள். கல்யாணப் பந்தியில் பரிமாற உத்தரவு போடுகிற அதே குரலில் பேசினாள்.

"டாக்டரையா, அந்த ஜாடியை எல்லாம் நாய்க்குப் போடுங்க. என் வீட்டு ஜாடியில இருக்கிறது பொய். உங்களுக்குப் பெருமையா காட்டணும்னு நான் வருஷத்துக்கு ஒரு தடவை திங்கிறதை மூணு நாளும் வச்சேன். இந்தப் பொண்ணுமேல தப்பு இல்ல."

அவள் சுவரோரம் திரும்பிப் பார்த்தாள்.

"எவாந்தியா, நேத்து உன் ஜாடியில என்ன?"

"மீன்" என்றாள் பாதிரியாரின் மனைவி.

"மீனுக்கு விலா எலும்பு அத்தனை தடிமனா?"

ரத்த வரிசையில் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நின்ற பாதிரியார் பலமாக இருமினார். எவாந்தியாவின் கழுத்துவரை சிவந்தது. "நீ புதன்கிழமை கல்யாணச் சோறு வைக்கப்போறேன்னு கேள்விப்பட்டுத்தான் நான் ஆட்டுக்குட்டிக்கே போனேன். உன்னாலதான் என் விரதம் கெட்டது."

"நீ ஆட்டுக்குட்டி வாங்கினதைக் கேள்விப்பட்டுத்தான் நான் கல்யாணச் சோத்துக்கே போனேன்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி சிரித்தாள். பிறகு தன் வீட்டு ஜாடியில் இருக்கிற வெண்ணெய் நகரத்திலிருந்து பேருந்தில் வந்தது என்று அவளே சொன்னாள். இன்னொருத்தி முட்டைக்குப் பக்கத்து ஊர் வரை ஆள் அனுப்பியிருந்தாள். ஒருத்தரும் பாக்கி இல்லை. இஸ்மினி இதையெல்லாம் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, டாக்டர் முதலில் திகைத்தார். பிறகு முதல் வகுப்புப் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு தட்டுப் பயறைப் பாக்கத்தான் கடல் தாண்டி வந்திருக்கேன், அதை மட்டும் யாரும் கண்ணுல காட்ட மாட்டேங்கிறீங்களேன்னு சொல்றார்" என்றாள் இஸ்மினி. "திங்கட்கிழமையிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாமாம்."

மறு வாரம் ஆர்ஜிரோ திரையை விலக்கி எண்ணெய்ச் சாடியை அடுப்பங்கரைக்கே இழுத்துவந்து வைத்தாள். திங்களன்று பயறு. செவ்வாயன்று மொச்சையும் வெங்காயமும். புதனன்று முதல் மழைக்குப் பிறகு பொறுக்கிய, விரதத்துக்கு விலக்கில்லாத நத்தையும் ஓடைக்கரைக் கீரையும். கூடவே தண்ணீரில் நனைத்த வாற்கோதுமை ரொட்டி, ஒரு கை ஆலிவ், ஒரு கோப்பை ஒயின். மனூசோஸ் தட்டை ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு, நாடு கடத்தப்பட்டவன் வீடு திரும்பியதுபோல நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

அந்தப் புதனன்று டாக்டரே சாப்பாட்டு நேரத்தில் வந்து மேசையருகே நின்றார். ஆர்ஜிரோ வெந்த கீரையைத் தட்டில் போட்டு, எண்ணெய்க் கிண்ணத்தைச் சாய்த்தாள். சாய்த்தது சாய்த்தபடியே இருந்தது. டாக்டர் இஸ்மினியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அளவைக் கேட்டார். இஸ்மினி சொன்னாள். அவர் நம்பாமல் மறுபடி எடைபோடச் சொன்னார். அதே அளவு.

"என்ன யோசிக்கிறார்?" என்று கேட்டாள் ஆர்ஜிரோ.

"கொழுப்பைக் குறைச்சுச் சாப்பிடறதாலதான் நீங்க எல்லாம் நல்லா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு வந்தார். பாத்தா, மொத்தக் கொழுப்பு அவங்க ஊர் அளவுக்கு வருது. ஆனா மாட்டுலேர்ந்து வந்தது ஒரு சொட்டும் இல்ல. எல்லாம் மரத்துலேர்ந்து வருது. உங்க எண்ணெய் அவர் போட்டு வச்ச கணக்கைக் கலைச்சுடுச்சு."

"அவரை உக்காரச் சொல்லு. வயித்தைக் காலியா வச்சுக்கிட்டு யோசிச்சா ஒண்ணும் ஓடாது." ஒரு தட்டை அவர் முன்னால் தள்ளினாள். அவருடைய தொந்தியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "எங்க எல்லாரையும் எடை போட்டாச்சு. இவரை யார் எடை போடுறது?"

இஸ்மினி அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் ஆர்ஜிரோவின் பார்வை எந்த மொழியிலும் புரியக்கூடியதாக இருந்தது. டாக்டர் வயிற்றைத் தட்டிக்கொண்டு, தோற்றுப்போனவர்போலத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். முதலில் நத்தையைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு ஓட்டிலிருந்து உறிஞ்சவும் கற்றுக்கொண்டார்.

சிஃபிஸ் வந்தது அப்போதுதான். டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ பேசினான். பிட்ஸ்பர்க் என்ற ஒரு சொல் மட்டும் ஆர்ஜிரோவுக்குப் பிடிபட்டது. சற்று நேரத்தில், ஊரில் யாருக்கும் காட்டாத அந்தப் புட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். டாக்டர் அவனை உள்ளறைக்கு அழைத்துப்போனார். மனூசோஸ் புட்டியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மைத்துனனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டான்.

அவர்கள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

"சிகரெட்டை இன்னைக்கே தூக்கிப் போடச் சொல்றார்" என்றான் சிஃபிஸ். "தினமும் நடக்கணுமாம், மெதுவா, வலி வந்தா நிக்கணுமாம். இந்த மேசையிலேயே சாப்பிடச் சொல்றார். எத்தனை நாள் தாங்கும்னு அவரால சொல்ல முடியாதாம். எந்த டாக்டராலயும் முடியாதாம்."

"எங்களுக்கு எத்தனை நாள்னு மட்டும் யாரால சொல்ல முடியும்? உக்காரு" என்றாள் ஆர்ஜிரோ. அவன் தட்டில் அவள் ஒரே ஒரு கரண்டிதான் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இஸ்மினி தராசைப் பெட்டியில் வைத்துக் கட்டினாள். ஆர்ஜிரோ ஒரு தகரம் நிறைய எண்ணெயை அவள் முன்னால் வைத்தாள். இஸ்மினி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வாங்கக் கூடாதும்மா. ஆராய்ச்சி பண்ற வீட்டுலேர்ந்து எதையும் எடுக்கக் கூடாதுன்னு விதி."

"உங்க வீட்டுல எதுல சமைக்கிறீங்க?"

இஸ்மினி தயங்கினாள். "இப்ப கொஞ்ச நாளா டப்பாவுல வர்ற செயற்கை வெண்ணெயிலதான். அதுதான் நாகரிகம்னு அம்மா சொல்றாங்க."

"அப்போ ஆராய்ச்சி வீட்டுக்காரிகிட்ட வாங்காதே. உன் அம்மாவுக்குன்னு ப்ரினாரிக்காரி ஒருத்தி குடுத்து விடறா, அவகிட்ட வாங்கிக்கோ." தகரத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதைப் பேருந்தின் கூரையில் ஏற்றிவிடும்படி மனூசோஸிடம் சொன்னாள்.

அந்த ஜாடிகளில் என்ன கண்டுபிடித்தார்கள் என்ற விவரம் ப்ரினாரிக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. வந்தபோதும் அதில் பாதி யாருக்கும் புரியவில்லை. ஆர்ஜிரோ அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. சிஃபிஸ் தினமும் மதியம் அவள் மேசைக்கு வந்தான். முதல் மாதம் நாலு இடத்தில் நின்று நின்று வந்தான். மழைக்காலம் முடியும்போது ஒரு இடத்தில்தான் நின்றான். கன்னத்து உப்பல் வற்றியது. ஊர்ப்பெண்கள் பாவம், இளைத்துவிட்டானே என்று அங்கலாய்த்தார்கள். ஆர்ஜிரோ அவர்களைத் திருத்தப் போகவில்லை. புட்டி மட்டும் எப்போதும் அவன் சட்டைப்பையில் இருந்தது. சில நாள் அது தேவையும் பட்டது.

அடுத்த வருஷம் ஆலிவ் அறுவடையின்போது, தோட்டத்தின் கடைசி மேட்டுப் பாத்திவரை அவன் கழுதைமேல் ஏறாமல் நடந்தே வந்தான். மரத்தடியில் வலையை விரித்துவிட்டு, எந்தக் கிளையை முதலில் அடிப்பது என்று மனூசோஸோடு சண்டை பிடித்தான்.

"அமெரிக்காவுல ஆலிவ் மரமா வளர்த்த? பேசாம அந்த ஓரத்துல நில்லு" என்றான் மனூசோஸ்.

"சும்மா நிக்கத்தான் டாக்டர் வேண்டாம்னுட்டாரே மச்சான்" என்று சொல்லிவிட்டுச் சிஃபிஸ் கோலை எடுத்துத் தாழ்ந்த கிளையை அடித்தான். காய்கள் வலையில் பொலபொலவென்று உதிர்ந்தன. ஆர்ஜிரோ குனிந்து இலைகளை ஒதுக்கிக்கொண்டே, சத்தம் போடாமல் வேலையைப் பாருங்கள், எவாந்தியா வீட்டில் நம்மைவிட இரண்டு மூட்டை முந்திவிட்டார்கள் என்று இருவரையும் அதட்டினாள்.